எட்டடிப் பலகை வேண்டாம், பெட்டி பெட்டியாகக் கட்டுவோம்

மதிப்பிற்குரிய சமூக மன்ற நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். மாதிரி ரயில் வகுப்புக்காக எட்டுக்கு நாலு அடி பிளைவுட்டில் ஒரே பெரிய தடம் போட நினைக்கிறீர்கள். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. ஆனாலும் பலகை வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்.

நாலடி அகலப் பலகையைச் சுவரோரம் போட்டால், உள்பக்கம் தடம்புரண்ட ரயிலை எடுக்கக் கை எட்டாது. சுற்றிவர வழி விட்டால் அறையில் வேறெதுவும் நடத்த முடியாது. எல்லாவற்றையும்விட, பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போக அதில் ஒன்றுமே இல்லை.

தடம் பதித்த சிறு மரப்பெட்டிகளைப் பக்கம் பக்கமாகக் கோக்கும் டி-டிராக் முறையைப் பரிந்துரைக்கிறோம். 1:160 அளவு (அசலில் 160-இல் ஒரு பங்கு), தண்டவாளங்களுக்கு இடையே 9 மி.மீ., கேட்டோ நிறுவனத்தின் யூனிடிராக் தடத் துண்டுகள். ஜல்லிப் படுகையோடு வார்த்த தடம் என்பதால் ஆணி அடிக்க வேண்டாம். ஒவ்வொரு குடும்பமும் இரு தடங்கள் இணையாக ஓடும் ஒரு பெட்டி கட்டும். மன்றத்தில் கூடும்போது மேசைமேல் வைத்துக் கோத்துவிடலாம். ஒற்றைப் பெட்டி 308 மி.மீ. நீளம், 210 மி.மீ. ஆழம். சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மூவறை வீட்டிலும் அலமாரி மேல்தட்டில் அடங்கிவிடும். மின்தூக்கியில் கைப்பையிலேயே வரும்.

308 என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மேலே வரும் தடம் 248 மி.மீ. துண்டும் 62 மி.மீ. துண்டும் சேர்ந்து 310. இருபுறமும் 1 மி.மீ. வெளியே நீண்டால்தான், பெட்டிகள் இடிக்குமுன் தண்டவாளங்கள் கூடும். மரத்தையும் 310-க்கே அறுத்தால் பெயின்ட்டின் தடிப்பே இணைப்பைத் தள்ளிவைக்கும்; அந்த இடைவெளியில்தான் மின்சாரம் விட்டுவிட்டு வரும். முன்விளிம்பிலிருந்து படுகை வரை 38 மி.மீ., இரு தடங்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 33 மி.மீ. இந்த இரண்டும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்னால் மலையா, வீவக புளோக்கா, தஞ்சோங் பகார் பழைய ரயில் நிலையமா என்பது அவரவர் விருப்பம்.

பெட்டியின் அடியில் நாலு மூலையிலும் ஒரு போல்ட் வையுங்கள். மடக்கு மேசைகள் ஒருபோதும் சமமாக நிற்பதில்லை, அரை மி.மீ. படி விழுந்தாலே சக்கரம் ஏறி இறங்கித் தடம்புரளும். பெட்டியின் உயரம் 70-லிருந்து 100 மி.மீ. வரை திருகிச் சரிசெய்ய முடிந்தால் போதும்.

ஆறடி மேசை ஒன்றுக்குக் கணக்கு இது. 365 மி.மீ. சதுர மூலைப் பெட்டி 4, 618 மி.மீ. இரட்டைப் பெட்டி 2, ஒற்றை 2. கோத்தால் 166-க்கு 73 செ.மீ. வரும். தடம்: 248 மி.மீ. துண்டு 12, 124 மி.மீ. துண்டு 4, மின்கம்பி பொருத்திய 62 மி.மீ. துண்டு 4, 315 மி.மீ. ஆர வளைவு 8, 282 மி.மீ. ஆர வளைவு 8. தடத்துக்கு ஒன்றாக இரண்டு 12 வோல்ட் கட்டுப்பாட்டுக் கருவி. ஒரே தடத்துக்கு இரண்டு இடத்தில் மின்சாரம் கொடுக்கும்போது நீலமும் வெள்ளையும் மாறினால் ஷார்ட் ஆகிவிடும். கம்பி நிற வரிசையை வகுப்பின் முதல் நாளே எழுதி ஒட்டுங்கள்.

ஆறு வண்டி கொண்ட எம்ஆர்டி (பெருவிரைவு நகர ரயில்) ஏறக்குறைய 138 மீட்டர். சுருக்கினால் 86 செ.மீ. இரட்டைப் பெட்டியில் கட்டும் நிலைய மேடையில் அது அடங்காது. எம்ஆர்டியின் வட்ட ரயில் பாதையில் (சர்க்கிள் லைன்) ஓடுவது மூன்று வண்டி ரயில்தான். அதன் அளவில் மேடை கட்டினால் எதையும் வெட்டிச் சுருக்க வேண்டாம்.

நம் ஊர் ஈரப்பதத்தைச் சொல்லாமல் விட முடியாது. மேல்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்த பலகை வளையும். அடிப்பக்கம், அறுத்த விளிம்பு உட்பட எல்லாப் பக்கமும் அடிக்க வேண்டும். காகிதக் கூழ் மலை பூஞ்சை பிடிக்கும், நுரைப்பலகையைச் செதுக்குங்கள். அதை வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். கரைப்பான் கலந்த பசை நுரையைத் தின்றுவிடும். கறுத்த தண்டவாளத்தை உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது, கீறலில்தான் அழுக்கு தங்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி போதும்.

ஆகவே, பலகைக்கு ஒதுக்கிய தொகையில் மேற்சொன்ன தடங்களை வாங்கி மன்றத்தின் பொதுச்சொத்தாக வையுங்கள். ஒட்டுப்பலகையைக் கடையிலேயே அளவாக அறுத்து வாங்கினால் பிள்ளைகள் கையில் வாள் கொடுக்கும் வேலையும் இல்லை. மாதிரிப் பெட்டி ஒன்றைக் கட்டி, அடுத்த கூட்டத்தில் உங்கள் மேசையிலேயே பொருத்திக் காட்டத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வட்டார மாதிரி ரயில் ஆர்வலர்கள்