டேனரி (தோல் பதனிடும் ஆலை) இருந்த நிலத்துக்கு ‘மாசு இல்லை’ என்று தந்த அறிக்கை குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், சுற்றுச்சூழல் ஆய்வுப் பிரிவு

ஐயா,

ராணிப்பேட்டை பக்கம் கிடங்கு கட்ட இரண்டு ஏக்கர் வாங்கும் முன், மண்ணில் மாசு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல உங்களுக்கு 1,40,000 ரூபாய் கட்டினேன். மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் வக்கீல் பார்த்துவிட்டார். மண்ணுக்கடியில் என்ன கிடக்கிறது என்று அவற்றில் தெரியாது என்பதால்தான் உங்களிடம் வந்தேன். ‘மாசுக்கான அறிகுறி இல்லை’ என்று மார்ச்சில் எழுதிக் கொடுத்தீர்கள். அதை நம்பி ஏப்ரலில் பத்திரம் பதிந்தேன்.

அஸ்திவாரம் தோண்டியபோது நாலடியில் நீலப்பச்சைக் கசடு வந்தது, கூடவே தோல் துண்டுகளும் சுண்ணாம்பும். ஜேசிபி ஓட்டிய தம்பி, “இது டேனரி கழிவு சார்” என்று வண்டியை நிறுத்திவிட்டார். போர் தண்ணீரைச் சோதித்ததில், தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் லிட்டருக்கு 0.38 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர வரம்பு 0.05.

நீங்கள் செய்தது போன்ற முதல் கட்ட ஆய்வில் மண் மாதிரி எடுக்க மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பழைய பதிவுகளையும் படங்களையும் தேடுவது, முன்னாள் உரிமையாளரை விசாரிப்பது, இவைதானே அந்த ஆய்வே? அறிக்கையின் அட்டையில் நீங்கள் போட்டிருக்கும் ஏஎஸ்டிஎம் இ1527-21 என்ற முதல் கட்ட ஆய்வுத் தரநிலை கேட்பதும் அதைத்தான். உங்கள் அறிக்கையில் விசாரணைப் பகுதியில் ‘தகவல் கிடைக்கவில்லை’ என்று ஒரே வரி. எதிரே முப்பது வருஷமாக டீக்கடை வைத்திருக்கும் அம்மா, நான் கேட்டதுமே தோல் ஊறவைக்கும் தொட்டிகள் இருந்த மூலையைக் கைகாட்டினார். கூகுள் எர்த்தின் பழைய படத்திலும் அந்தத் தொட்டிகள் வரிசையாகத் தெரிகின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இலேயே வேலூர் வட்டாரத்தைக் கடுமையாக மாசுபட்ட பகுதிகளில் சேர்த்தது. அதுவும் அறிக்கையில் இல்லை.

பக்கம் 14-இல் ‘அருகில் ஓடும் நொய்யல் ஆறு’ என்று இருக்கிறது. இங்கே ஓடுவது பாலாறு. திருப்பூர்ப் பக்கம் யாருக்கோ எழுதியதை எடுத்து என் பெயரைப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என் வாழ்நாள் சேமிப்பு அந்த நிலத்தில்தான் இருக்கிறது.

கட்டணம் முழுவதையும் திருப்பித் தாருங்கள். அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் மூலம் இரண்டாம் கட்ட மண், நிலத்தடி நீர் ஆய்வை உங்கள் செலவில் செய்து கொடுங்கள். அப்புறம், என் நிலத்துக்கு நேரில் வந்தது யார், எத்தனை மணி நேரம் இருந்தார் என்று எழுத்தில் தெரிவியுங்கள். 15 நாளில் பதில் இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ் வரும்.

ஆய்வக முடிவும் குழியின் படங்களும் இணைத்துள்ளேன். கசடு வந்த குழியை மூடாமல் தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறேன். மழைக்கு முன் ஆளனுப்புங்கள்.

இப்படிக்கு,
நிலத்தின் உரிமையாளர்