குளிருக்கு முன்னாடி புத்தகப் பெட்டியையும் பாருங்க

ஆசிரியருக்கு வணக்கம். இலையுதிர் காலம் முடியப்போகுது, கிராமத்துல கூரைத் தண்ணி போற குழாய்ல அடைச்ச சருகை அள்ளுறது, விறகை நனையாம அடுக்குறது, தண்ணி உறையறதுக்குள்ள ஹோஸ் பைப்பைக் காலி பண்றதுன்னு எல்லாரும் ஓடிட்டு இருப்பாங்க, அந்த லிஸ்ட்லயே யார் வேணா எடுத்துப் படிக்கட்டும்னு ரோட்டோரம் வாலண்டியர்ஸ் வச்ச புத்தகப் பெட்டியையும் சேர்த்துக்கங்க. காத்துல ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல அப்படியே நின்னா பேப்பர்ல பூஞ்சை வந்துடும், அதனால கதவு ரப்பர் கிழிஞ்சிருக்கான்னு பாத்துட்டு, புக்கை நெருக்கித் திணிக்காம கொஞ்சம் இடம் விட்டு வைங்க, மக்கின வாசனை அடிக்கிற புக்கை உடனே தனியா எடுத்துடுங்க. அப்புறம் பழைய பரீட்சை கைடையெல்லாம் தானம்னு கொண்டுவந்து கொட்டாதீங்க சார், யார் எடுப்பா! நடக்க முடியாத பெரியவங்க வீட்டுக்கு விறகு அடுக்கப் போறவங்க, கையோட ரெண்டு நாவல் குடுத்துட்டு படிச்சதை வாங்கிட்டு வரலாமே.

- ஒரு வாசகர்