போர்க்குற்ற விசாரணை: புலிகளின் பீரங்கி நிலைகளும் வரைபடத்தில் வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

"எல்லாத் தரப்பையும் விசாரிக்க வேண்டும்" என்று இலங்கைப் போர் பற்றி ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் யாராவது சொன்னால், நம்மவர் பலருக்கு அது அரசைக் காப்பாற்றும் பேச்சாகவே கேட்கிறது. கொழும்பு அதை அப்படிப் பயன்படுத்தியும் இருக்கிறது. ஆனால் வழக்கு நடத்துகிறவர் கண்ணுக்கு வேறொன்று தெரியும்: புலிகளின் செயல்களை ஒதுக்கிவிட்டுத் தயாரிக்கும் வழக்குக் கோவை, இராணுவத் தளபதி ஒருவருக்கு எதிராகவும் நீதிமன்றத்தில் நிற்காது.

வைத்தியசாலையில் எறிகணை விழுந்தது என்று நிரூபித்தால் மட்டும் போர்க்குற்றம் நிரூபணமாகிவிடாது. சுட்டவர் எதைக் குறிவைத்தார், அருகே இராணுவ இலக்கு இருந்ததா, எத்தனை மீற்றரில், அங்கே வைத்தியசாலை இருப்பது அவருக்குத் தெரியுமா, மக்களுக்கு நேரக்கூடிய அழிவு அந்த இலக்கின் பெறுமதியை விஞ்சியதா என்று ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் அரச தரப்பு மீது 5 வகை, புலிகள் மீது 6 வகை மீறல் குற்றச்சாட்டுகளை நம்பகமானவை என்று பதிவுசெய்தது. மக்கள் திரண்டிருந்த இடங்களுக்கு அருகிலிருந்து புலிகள் பீரங்கி சுட்டதும் அதில் உண்டு. தளபதியின் சட்டத்தரணி முதல் நாளே அந்தப் பக்கத்தைத் திறப்பார். பீரங்கி எங்கே நின்றது, எந்த நாளில் அகற்றப்பட்டது என்ற விபரம் நம் கையில் இல்லாவிட்டால், நீதிபதிகள் முன்னால் விரியும் ஒரே வரைபடம் அவர் கொண்டுவந்ததாகத்தான் இருக்கும்.

குரோஷிய ஜெனரல் அன்டே கொட்டோவினாவின் வழக்கில் நடந்தது இதற்கு நெருங்கிய கதை. 1995 ஓகஸ்ட்டில் க்னின் முதலான நகரங்கள் மீது நடந்த எறிகணைத் தாக்குதலுக்காக முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேச நீதிமன்றம் 2011இல் அவருக்கு 24 ஆண்டுச் சிறை விதித்தது. இராணுவ இலக்கிலிருந்து 200 மீற்றருக்கு அப்பால் விழுந்தவற்றை வைத்து, அந்தத் தாக்குதல்கள் சட்டவிரோதமானவை என்று விசாரணை நீதிபதிகள் முடிவெடுத்தார்கள். அந்த 200 மீற்றர் எந்தச் சாட்சியத்திலிருந்து வந்தது என்று மேன்முறையீட்டில் கேள்வி எழுந்தது, பதில் இல்லை. 2012 நவம்பரில் 3க்கு 2 என்ற பெரும்பான்மையில் விடுதலை. அந்தத் தீர்ப்பைக் குறைகூறுவோர் பலர், நானும் அவர்களில் ஒருவன். ஆனாலும் முள்ளிவாய்க்கால் கோவையை வாசிக்கப்போகும் எந்தச் சட்டத்தரணியும் அதை மேற்கோள் காட்டாமல் விடமாட்டார்.

எல்லாத் தரப்பையும் கூண்டில் ஏற்றிய நீதிமன்றம் ஒன்று உண்டென்றால் அது சியரா லியோன் சிறப்பு நீதிமன்றம். கிளர்ச்சிக்காரர், ஆட்சியைப் பறித்த இராணுவக் குழு, அரசை ஆதரித்த குடிசார் பாதுகாப்புப் படை என மூன்று தரப்புக்கும் தனித்தனி வழக்கு. அந்தப் பாதுகாப்புப் படையின் தலைவர் சாம் ஹிங்கா நோர்மன் 2003இல் கைதானபோது உள்நாட்டு அமைச்சர். நாட்டில் பலருக்கு வீரர். தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட்டார். அவருடன் குற்றஞ்சாட்டப்பட்ட இருவருக்கு, ஜனநாயகத்தை மீட்கப் போராடியவர்கள் என்பதைக் கருதி முதலில் 6, 8 ஆண்டுகளே கிடைத்தன. 2008இல் மேன்முறையீட்டு நீதிபதிகள் அந்தக் காரணத்தைத் தள்ளிவிட்டு 15, 20 ஆண்டுகளாக உயர்த்தினார்கள். போராட்டம் நியாயமானது என்பது தண்டனையைக் குறைக்காது என்ற அந்தத் தீர்ப்பு புலிகளுக்கு எதிராக மட்டும் பாயாது. "பயங்கரவாதத்தை ஒழித்தோம்" என்ற வாதத்தையும் அதே இடத்தில் அடைக்கிறது.

இங்கே யாரும் அதிகம் பேசாத விடயம் திகதி. 2015இல் வெளிவந்த ஐ.நா. விசாரணை அறிக்கை 2002 பெப்ரவரி 21 முதல் 2011 நவம்பர் 15 வரையுள்ள காலத்தையே எடுத்துக்கொண்டது. அரசு நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழுவின் காலத்தை, விசாரணைக்கு ஆணையிட்ட பேரவைத் தீர்மானம் பின்பற்றியதால் வந்த எல்லை அது. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் அதிகாரமும் 2002 ஜூலை 1இலிருந்துதான். இதனால் வெளியே நிற்பவற்றைப் பாருங்கள்: 1983 ஜூலைப் படுகொலைகள், 1987 ஒக்டோபரில் யாழ். போதனா வைத்தியசாலையில் இந்திய அமைதிப்படை நடத்திய கொலைகள். 1990இல் கிழக்கில் புலிகளிடம் சரணடைந்த பொலிஸாரின் கொலை, காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலைகள், வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியது. 1995இல் நவாலித் தேவாலயத்தின் மீதான விமானக் குண்டுவீச்சு. மூன்றாம் தரப்பான இந்தியா முழுவதுமாகத் தப்பிக்கிறது. சியரா லியோன் சாசனமும் அமைதிப்படையினரை முதலில் அவரவர் நாட்டின் பொறுப்பிலேயே விட்டது என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

பக்கச்சார்பின்மை என்றால் தலைக்குத் தலை என்ற கணக்கு அல்ல. புலிகளின் தலைமை பெரும்பாலும் 2009இல் இறந்துவிட்டது, இறந்தவர் மீது வழக்கு இல்லை. ஆகவே குற்றப்பத்திரத்தில் அரச தரப்புப் பெயர்கள் கூடுதலாக இருப்பது இயல்பு. ஆனால் இருப்பவர்களை விடவும் முடியாது. 2025 மார்ச்சில் பிரித்தானியா தடைவிதித்த நால்வரில் மூவர் முன்னாள் படைத்தளபதிகள், நான்காமவர் புலிகளின் முன்னாள் கிழக்குத் தளபதி கருணா அம்மான். தடை விசாரணை ஆகாது. எனினும் பட்டியல் சரியான திசையில் இருக்கிறது.

உள்நாட்டுச் சட்டத்தில் போர்க்குற்றம், கட்டளைப் பொறுப்பு (கீழுள்ளவர் செய்த குற்றத்துக்குத் தளபதி பொறுப்பேற்பது) ஆகியவற்றுக்குத் தெளிவான பிரிவு இல்லை, பின்னோக்கிச் சட்டம் செய்ய முடியாது என்று சொல்வோர் அரசியலமைப்பின் 13(6)ஆம் உறுப்புரையைத் தாண்டிப் போகிறார்கள். செய்த காலத்தில் சர்வதேச சமூகம் ஏற்ற பொதுச் சட்டக் கோட்பாடுகளின்படி குற்றமாக இருந்த செயலுக்குத் தண்டிக்க அது இடமளிக்கிறது. பாராளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும், அவ்வளவுதான்.

ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 46/1 தீர்மானம் 2021இல் நிறைவேறியதிலிருந்து மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகம் சான்றுகளைத் திரட்டிப் பேணுகிறது. கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. ஒரே வாசகத்தில் தட்டச்சுச் செய்து பலர் ஒப்பமிடும் சத்தியக்கடதாசிகள் குறுக்கு விசாரணையில் முதலில் விழும். வட்ஸ்அப்பில் வந்த காணொளியில் எடுத்த நாள், இடம் பற்றிய தரவு அழிந்திருக்கும்; எடுத்த கருவியையே பாதுகாக்க வேண்டும். ஒரே சாட்சியை ஐந்து அமைப்புகள் தனித்தனியே பதிவுசெய்தால் ஐந்து வாக்குமூலங்களும் ஒன்றோடொன்று முரண்படும். பிள்ளை பிடிப்பு (சிறுவரைப் படையில் சேர்த்தது) முறைப்பாடுகளில் பிறப்புச் சான்றிதழ் அவசியம்: போர்க்குற்றமாவது 15 வயதுக்குக் குறைந்தவரைச் சேர்ப்பது, அதற்கு மேல் 18 வரை வேறு சட்டம்.

நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த தீர்மான வரைவு வரும்போது சான்று திரட்டும் காலம் 1983இலிருந்து தொடங்கும் என்று தெளிவாகக் குறிப்பிடும்படி எழுத்தில் கேட்க வேண்டும். இந்திய அமைதிப்படையின் காலத்தையும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
சட்டத்தரணி ஒருவர்,
யாழ்ப்பாணம்