புகைப்படக் கழகச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்ங்க.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. ஜனவரியில் வெள்ளோடு பறவைகள் சரணாலயம் போய் வந்தோம். கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

நான் விரிவாகச் சொல்ல வேண்டியது ஆடி மாதத்திலிருந்து நடந்ததைத்தான். அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்கு எல்லோரும் போனோம். செப்டம்பர் கூட்டத்தில் பிரின்ட்களைப் பெயரில்லாமல் மேசையில் பரப்பினோம். பின்னங்காலில் எழும்பி நிற்கும் குதிரை, கிளம்பும் புழுதி, மாலை வெயில். எதை எடுத்தாலும் அதே படம். இரண்டு பேர் அடுத்தவர் படத்தைத் தன்னுடையது என்று கையில் எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

ஃப்ரேமை மூன்றாகப் பிரிப்பதும் அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு) கணக்கும் எல்லோருக்கும் கைவந்துவிட்டன. அவை வேண்டியவைதான். ஆனால் எதைப் பார்க்கிறோம் என்பதை இன்னும் கடன் வாங்கிக்கொண்டிருந்தோம். அதனால் போட்டியையும் மதிப்பெண்ணையும் நிறுத்தினோம். மார்ச் வரை ஆளுக்கு ஒரே இடம், ஒரே 50 எம்எம் லென்ஸ். கூட்டத்தில் 'சூப்பர்' என்று சொல்லக் கூடாது, படத்தில் என்ன தெரிகிறதோ அதைச் சொல்ல வேண்டும். சிலருக்கு இதில் வருத்தம் என்பது தெரியும். ஆனாலும் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

மஞ்சள் மண்டியில் கணக்கெழுதும் உறுப்பினர் கூரை ஓட்டை வழியே இறங்கும் வெளிச்சத்தை மட்டுமே எடுத்தார். பவானியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒரு ஜமக்காளத் தறிக்கொட்டகையைத் தேர்ந்துகொண்டார். முதல் இரண்டு மாதம் நெசவாளர் முகமும் கலர் நூலும்தான், எல்லோரும் எடுப்பதுபோல. டிசம்பரில் ஒரே ஒரு படம் கொண்டுவந்தார். தறிக்குழி ஓரத்தில் கழற்றி விட்ட இரண்டு ஜோடி செருப்பு. அகல ஜமக்காளத்துக்கு இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்வார்கள். ஒரு ஜோடியில் குதிகால் பக்கம் தேய்ந்து தரை தெரிந்தது. மார்ச்சிலும் அதே குழி, அதே கோணம். ஒரு ஜோடிதான் இருந்தது. இன்னொருவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாராம். கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த அம்மா 32 வருடம் வகுப்பில் காலியான இடத்தைப் பார்த்து வருகைப் பதிவு எடுத்தவர். அந்தக் கண்தான் அது.

எனக்கு இன்னும் அப்படி ஒன்று அமையவில்லை. காளிங்கராயன் வாய்க்கால் கரையையே தொடர்ந்து எடுக்கப்போகிறேன்.

1839 ஆகஸ்ட் 19இல் டாகெர் என்பவரின் புகைப்பட முறை பாரிஸில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. வரும் ஆகஸ்ட் 19இல் இந்தப் படங்களைக் கண்காட்சியாக வைக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. படத்துக்குக் கீழே பெயர் எழுதுவதா என்பதைப் பொதுக்குழு இன்று முடிவு செய்ய வேண்டும். வேண்டாம் என்பது என் கருத்துங்க.

செயலாளர்