தூக்குப்போசி

திருப்பூர்,
7.6.2020

அம்மிணி,

போனில் எதைக் கேட்டாலும் "நல்லாயிருக்கேன்" என்று முடித்துவிடுகிறேன் என்று கோபித்துக்கொண்டாய். சரி, எழுதிவிடுகிறேன். பக்கத்து வீட்டுப் பையன் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவான். ஊர் விட்டு ஊர் போக இந்த இ-பாஸ் வந்த பிறகு, நீ இருக்கிற பெங்களூரை விட அமெரிக்காவே கிட்ட போலிருக்கிறது.

நம் லைன் வீட்டுக் கடைசி ரூமில் ஒடிசாப் பையன்கள் நாலு பேர் இருந்தார்களே, மார்ச் 24 சாயங்காலம் கொரோனாவுக்காக 144 போட்டதும் அவர்களுடைய பனியன் கம்பெனி மூடிவிட்டது. வாரச் சம்பளம் நின்றுபோனது. இங்கே ரேஷன் கார்டும் கிடையாது. எனக்கு டோக்கன் கொடுத்து 1000 ரூபாய், அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை எல்லாம் தந்தார்கள். நான் ஒருத்தி எவ்வளவு சாப்பிடப் போகிறேன்? அரிசியை அவர்களிடம் கொடுத்தேன். ராத்திரி வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொள்வார்கள். நம் பழைய சோறேதான்! அவர்கள் ஊரில் பக்காளா என்று பேராம். உன் அப்பா இருந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

ஏப்ரல் வாடகையும் வாங்கவில்லை. ஒரு மாதம் கேட்கக்கூடாது என்று அரசாங்கமே சொல்லியிருந்தது. இல்லாவிட்டால் வாங்கியிருப்பேனோ என்னமோ.

உன்னிடம் சொல்லாதது ஒன்று உண்டு. ஏப்ரல் கடைசியில் அவர்களில் சின்னவனுக்குக் காய்ச்சல். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கஞ்சி காய்ச்சித் தூக்குப்போசியில் ஊற்றி, அவர்கள் வாசலுக்குப் பத்தடி தள்ளி, நாய்க்கு வைக்கிற மாதிரி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். அவன் கழுவி வைத்த போசியை மஞ்சள் தண்ணீரில் முக்கி வெயிலில் கவிழ்த்தேன். அப்புறமும் உள்ளே எடுக்க மனசு வரவில்லை, திண்ணையிலேயே கிடந்தது. கடைசியில் சாதாரணக் காய்ச்சல்தான், மூன்று நாளில் எழுந்துவிட்டான்.

அடுத்த வாரம் நான் படுத்தேன். (தொண்டை கட்டியிருக்கிறது என்று உன்னிடம் சொன்னேனே, அப்போதுதான்.) அன்றைக்குப் பார்த்து நல்ல தண்ணி வந்தது. விட்டால் மறுபடி எப்போது வருமோ. எழுந்திருக்க முடியவில்லை. குடம் உரசுகிற சத்தம் கேட்டு ஜன்னலில் பார்த்தால், சின்னவன் என் டிரம்மை நிரப்பிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டினான். கையில் திண்ணையில் கிடந்த அதே தூக்குப்போசி, உள்ளே சூடாகக் கஞ்சி. படியிலேயே வைத்துவிட்டு, நான் வந்து எடுக்கிற வரைக்கும் நின்றான். "அம்மா, சாப்பிடு." அவன் தமிழுக்கு 'ங்க' போடுவது இன்னும் பழகவில்லை.

மே கடைசியில் சிறப்பு ரயில் கிடைத்து நாலு பேரும் ஊருக்குப் போய்விட்டார்கள். வழிக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தேன், அந்தப் போசியில்தான். ரூமை வேறு யாருக்கும் விடவில்லை. போய்ச் சேர்ந்ததும் சின்னவன் போன் பண்ணினான். அப்போதும் "அம்மா, சாப்பிடு" என்கிறான். சாப்பிட்டாயா என்று கேட்கிறானாம்.

உன் ஆபீஸில் ஒடியாக்காரப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்றாயே. சாப்பிட்டாயா என்பதற்கு அவர்கள் பாஷையில் என்ன என்று கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பு.

அம்மா