அயிரைக்கு ஒரு முழ மணல்

மதிப்பிற்குரிய பொறியாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தூர்வாரும் வேலை பற்றிப் பேச வந்த எங்களிடம், "அயிரைக்காகவா இத்தனை பேர் கிளம்பி வந்தீங்க? அது எங்கேயும் பிழைச்சுக்கும்" என்று சிரித்தீர்கள். அன்று எனக்குப் பதில் வரவில்லை.

அந்தச் சின்ன அயிரை மீனுக்காகத்தான் வந்தோம். பிழைக்கும் என்பதும் உண்மைதான். இலங்கையின் வெந்நீர் ஊற்றில் பிடித்ததை வைத்து 1846-இல் அதற்கு 'தெர்மாலிஸ்', அதாவது வெந்நீர் ஊற்றுக்குரியது, என்றே பெயர் சூட்டினார்கள். தண்ணீரில் காற்று குறைந்தால் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிக் குடலாலேயே மூச்சுவிடும். ஆனால் மணல் வேண்டும். மீசையால் மணலைத் துழாவித்தான் இரை தேடும். நிழல் பட்டால் தலையை நுழைத்துப் புதைந்து, கண்ணை மட்டும் வெளியே விட்டிருக்கும். கண்ணுக்குக் கீழே ஒரு முள் உண்டு, விறைத்தால் கையைக் கீறும். பொக்லைனுக்கு அது போதவில்லை.

அள்ளிக் கொட்டிய குவியலை மறுநாள் காலையில் பிள்ளைகள் கிளறினார்கள். ஈரம் இருந்த இடத்திலெல்லாம் அயிரை, உயிரோடு. சீக்கிரம் சாகவும் தெரியாத மீன். ஒரு வாளி தேறியது. ஆற்றுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அடியில் இறுகிய களிமண். மூக்கால் முட்டி முட்டிப் பார்த்துவிட்டு அப்படியே கிடந்தன. கொக்குகளுக்கு வேலை மிச்சம்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: தூர்வாருங்கள், அடிமணலை முழுக்க வழிக்காதீர்கள். ஒரு முழமாவது விடுங்கள்.

தூர் என்றால் சேறும் செடியும் என்று நினைத்திருந்தோம். லாரியில் போனதோ சலித்தெடுத்தது போன்ற மணல். வாய்க்காலுக்கும் சிமெண்டுத் தளம் போட்டாயிற்று. புதுத்தண்ணீருக்கு வயலேறும் ஏத்துமீன் இனி வழுக்கிக்கொண்டு வரட்டும். மீன்வளம் பெருக கட்லாக் குஞ்சு விடப்போவதாகவும் பேச்சு. அயிரையை விட்டு விராலைப் பிடி என்பார்கள். எங்களுக்கு விராலும் இல்லை. குழம்பு வைக்குமுன் அயிரையைப் பாலில் விட்டு மணலைக் கக்கவைப்போம். இனி அந்தச் சிரமமும் கிடையாது.

வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஐயா. படித்துறைக்குக் கீழே இன்னும் இயந்திரம் இறங்கவில்லை. அங்கே மணலும் இருக்கிறது, அயிரையும் இருக்கிறது. வேலை தொடங்குமுன் ஒரு காலை நேரில் வாருங்கள், காட்டுகிறேன். அந்த ஒரு முழ மணலை விட்டுவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆற்றங்கரைவாசி ஒருவன்