காரமும் சுவைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வந்த அறிவியல் கட்டுரையில், காரம் ஒரு சுவையே அல்ல, அறுசுவை என்று முன்னோர் சொன்னது பிழை என்று எழுதியிருந்தார்கள். தமிழ்வழியில் 28 ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவள் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

கட்டுரையின் அறிவியலில் எனக்கு வழக்கில்லை. நாக்கின் சுவைமொட்டுகள் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகியவற்றையும், 1908இல் ஜப்பானிய வேதியியலர் கிகுனே இகேடா உமாமி என்று பெயரிட்ட, இறைச்சிச் சாறு போன்றவற்றின் சுவையையும் அறிகின்றன. மிளகாயை உறைக்க வைக்கும் காப்சைசின் என்ற பொருள் அந்த மொட்டுகளை நாடுவதில்லை. சூட்டையும் வலியையும் உணர்த்தும் நரம்பு நுனிகளைத் தூண்டுகிறது. நரம்பு நுனியில் இதை உணரும் புரதமான ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். துவர்ப்பும் பெரும்பாலும் தொடு உணர்வே.

ஆனால் சுவைமொட்டு அறிவது மட்டுமே சுவை என்று தமிழில் யார் வரையறுத்தார்கள்? "செவியிற் சுவையுணரா வாயுணர்வின் மாக்கள்" என்கிறது 420ஆம் குறள். செவிக்கும் சுவை உண்டு. வாய்ச் சுவையை மட்டும் அறிந்தவர்கள் இருந்தென்ன, போயென்ன என்று வள்ளுவர் கடிந்துகொள்கிறார். அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்திலோ சுவை என்பது ஓர் அணியின் பெயர். வீரமும் அச்சமும் நகையும் அதில் அடங்கும். இவ்வளவு அகன்ற சொல்லுக்குள் வாய் எரிவதற்கு இடமில்லையா?

பிற மொழிகளிலும் இச்சொற்கள் ஒரு புலனோடு நின்றுவிடவில்லை. ஆங்கிலத்தின் 'டேஸ்ட்' இடைக்காலத்தில் தொட்டுப் பார்ப்பதையும் குறித்தது. லத்தீனில் சுவைப்பதற்கும் அறிவுடன் இருப்பதற்கும் ஒரே வினைச்சொல். ஹோமோ சேப்பியன்ஸ் என்ற நம் இனப்பெயரில் வருவது அதுதான். நம்மிடமும் புலன், புலமை, புலவர் என்று ஒரே அடியில் சொற்கள் கிளைத்திருக்கின்றன.

காரம் என்ற சொல்லின் கதையை என்னைத் தேட வைத்தவள் ஒரு மாணவி. பத்தாம் வகுப்பு ஆய்வகம். சோப்புக் கரைசலில் நனைத்த சிவப்பு லிட்மஸ் தாள் நீலமானது. அமிலத்துக்கு எதிரானதை வேதியியலில் காரம் என்போம்; அதற்கு இந்த நிறமாற்றமே அடையாளம். அவள் விரல் நுனியில் ஒரு சொட்டை வைத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். வழுவழுத்தது. "டீச்சர், இது காரம் என்றால் ஏன் எரியவில்லை?" என்று கேட்டாள். "அது வேறு காரம், இது வேறு காரம்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டேன். பதில் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. மாலையில் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியை எடுத்தேன்.

வேதியியலின் காரம், 'க்ஷாரம்' என்ற வடசொல்லின் வழி வந்தது. அரிக்கும் தன்மையுள்ள பொருளுக்கு அது பெயர். உறைப்பதைக் குறிக்க 'கார்த்தல்' என்று தமிழில் ஒரு வினையும் உண்டு. அறுசுவையில் வரும் கார்ப்பு அதிலிருந்துதான். அமிலத்தைப் பார்த்தால், 'அம்லம்' என்றாலே வடமொழியில் புளிப்பு. ஆங்கிலத்தின் 'ஆசிட்' கூட லத்தீனில் புளித்தது என்றே பொருள்படும். மறுநாள் முதல் பாடவேளையில் இவற்றைக் கரும்பலகையில் எழுதினேன். வேதியியலின் முதல் கருவி நாக்காக இருந்திருக்கிறது என்று அன்று அந்த வகுப்புக்குச் சொன்னேன். (ஆய்வகத்தில் எதையும் நாவில் வைக்காதீர்கள் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.) கேள்வி கேட்ட பெண் அந்தப் பலகையை அப்படியே தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இனி எந்தப் பிள்ளையாவது, சுவைமொட்டு அறிவது ஐந்து என்று படித்த கையோடு, அறுசுவை என்பது மூடநம்பிக்கை என்று தேர்வில் எழுதினால் அதற்கு அந்தக் கட்டுரையே காரணமாகும். மாணவர் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை